மதில் எழும்ப முன்: வளரும் ஊருக்கு வீதி திட்டமிடுவது எப்படி

ஊர் நிரம்பிய பிறகு வீதியை அகலிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காசு கிடைத்தாலும் அது நடக்காது. வேலியைப் பின்னால் தள்ள ஒரு பகல் போதும். இரண்டு ஆளும் கொஞ்சம் கதியாலும் இருந்தால் சரி. மதிலைத் தள்ள முடியாது, இடிக்கத்தான் வேண்டும். வாக்குக் கேட்டுப் போன வீட்டின் மதிலை இடிக்கிற பிரதேச சபைத் தவிசாளரை நான் இன்னும் காணவில்லை. வன்னியில் பல இடங்களில் இன்னும் வேலிதான் நிற்கிறது. அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

நான் வன்னிப் பிரதேச சபைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். ரீ.ஓ. என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும்: மதகு கட்டுகிற இடத்தில் நாடா பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். பொறியியலாளருக்கு அவர்களுடைய புத்தகங்கள் இருக்கின்றன. நான் சொல்வது கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளருக்கும், முதல் தடவை சபைக்குத் தெரிவான உறுப்பினருக்கும், தகப்பன் விட்டுப்போன ஐந்து ஏக்கரைத் துண்டு போட்டு விற்க யோசிக்கிற ஆளுக்கும்.

வீடு எங்கே வரும் என்று முதலில் பாருங்கள்

ஊர் எந்தப் பக்கம் வளரும் என்று அறியச் சாத்திரக்காரர் தேவையில்லை. சபையில் கடந்த இரண்டு மூன்று வருடக் கட்டட விண்ணப்பங்களை எடுத்து, எந்த ஒழுங்கையில் எத்தனை என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். மின்சார சபைக்காரர் புதிதாகக் கம்பம் நட்ட இடங்களைப் பாருங்கள். பள்ளிக்கூட அதிபரிடம் முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகள் எந்தப் பக்கத்திலிருந்து கூடுதலாக வருகிறார்கள் என்று கேளுங்கள். எனக்கு நம்பிக்கையான அடையாளம் வேறு ஒன்று இருக்கிறது: சீமெந்துக் கல் அரிகிறவர் தன் இடத்தை எங்கே மாற்றுகிறார் என்பது. கல்லை ஏற்றி இறக்கும் கூலியை மிச்சம் பிடிக்க அவர் வீடு எழும்பப் போகிற பக்கம்தான் போவார். அந்தப் பக்கத்தில் 'காணி விற்பனைக்கு' என்ற பலகையும், அதில் வெளிநாட்டுத் தொலைபேசி எண்ணும் இருந்தால் பிறகு சந்தேகமே வேண்டாம்.

பெரிய நிறுவனம் ஒன்று வந்தால் அதற்கும் நகரத்துக்கும் இடையில் உள்ள காணிதான் முதலில் நிரம்பும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானது. அது இருக்கும் பம்பைமடு மன்னார் வீதியில் இருக்கிறது. அந்த வீதி வழியே குருமன்காடு, நெளுக்குளம் என்று போய்ப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அறிவியல் நகரில் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அறை வாடகைக்குக் கொடுப்பதில் தொடங்கும், பிறகு சாப்பாட்டுக் கடை, பிறகு வீடு.

இப்போது கைத்தொலைபேசியில் செய்மதிப் படத்தை எடுத்து, ஊரை மூன்று நிறத்தில் பிரியுங்கள். வீடு இருக்கிற காணி ஒரு நிறம். துண்டு போட்டு விற்றாயிற்று, வேலி மட்டும் நிற்கிறது என்றால் இரண்டாவது. இன்னும் பிரிக்காத மேட்டுக் காணி மூன்றாவது. குளத்துக்குக் கீழ் உள்ள வயலையும் வன இலாகா எல்லைக்கல் போட்ட காட்டையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கமநல அனுமதி இல்லாமல் வயலை நிரப்பி வீடு கட்ட முடியாது. ஆனால் நிரப்புகிறார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். ஒரு ஒழுங்கைக்கு உட்பட்ட மேட்டுக் காணி 80 ஏக்கர், இப்போது 120 வீடு. ஒரு ஏக்கர் 16 பரப்பு. பாதைக்கு விட்டது போக மூன்று பரப்புக்கு ஒரு வீடு என்று வைத்தால் ஏக்கருக்கு ஐந்து, மொத்தம் 400 வீடு. இந்த 400தான் நீங்கள் திட்டமிட வேண்டிய எண். இன்றைய 120க்குத் திட்டமிட்டால் வேலை முடிந்து நாடா வெட்டும் நாளிலேயே அது பழையதாகிவிடும்.

வீதி யாருடையது

இதைத் தெரியாமல் மகஜர் எழுதிய சங்கங்கள் பல. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. ஏ9 யாழ்ப்பாணம் போவது, ஏ30 வவுனியாவிலிருந்து மன்னார்ப் பக்கம், ஏ34 மாங்குளம் முல்லைத்தீவு, ஏ35 பரந்தன் முல்லைத்தீவு எல்லாம் அவர்களுடையவை. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். மற்ற ஒழுங்கைகள் சபைக்கு. வாய்க்கால் கரையும் குளக்கட்டும் நீர்ப்பாசனத் திணைக்களம் அல்லது கமநலத் திணைக்களம். வன்னியில் இந்தக் கடைசி வகைதான் முக்கியம், பிறகு வருகிறேன்.

உங்கள் ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். காணிக்காரர் துண்டு போட்டு விற்கும்போது படத்தில் 'பாதை' என்று கீறியிருப்பார், ஆனால் சபைக்கு எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். அப்படிப்பட்ட ஒழுங்கைக்குச் சபை ஒரு லோட் கிரவல் போடுவதற்கும் சட்டம் இடம் கொடுக்காது.

ஒழுங்கை வாயில் நின்று எண்ணுங்கள்

வாகனம் எண்ணுவது பெரிய வித்தை இல்லை. சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிற இரண்டு பிள்ளைகள் போதும். ஒழுங்கை பிரதான வீதியில் ஏறுகிற இடத்தில், பள்ளிக்கூடம் நடக்கிற ஒரு செவ்வாய் அல்லது புதன், காலை 6.45 முதல் 8.15 வரை நிற்க வேண்டும். திங்களும் வெள்ளியும் வேண்டாம், அந்த நாட்களின் ஓட்டம் வேறு. வெளியே வருவதை மட்டும் கால் மணிக்கு ஒரு கட்டமாகப் போட்டு எண்ணி, தொடர்ச்சியான நாலு கால் மணியில் எது கூடுதலோ அதை எடுங்கள். பள்ளிக்கூடம் 7.30க்குத் தொடங்குவதால் பெரும்பாலும் 6.45க்கும் 7.45க்கும் இடையில்தான் அது விழும். மதியம் 1.30க்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரமும், பின்னேரம் ரியூசன் முடிகிற நேரமும் இன்னும் இரண்டு முறை எண்ணிப் பாருங்கள். கொழும்புப் புத்தகத்தில் காலை மாலை என்று இரண்டு உச்சம்தான் இருக்கும். நம் ஊரில் மூன்று.

திருவிழாவைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வருகிற சனத்துக்கு வீதி போட்டால் மீதி நாளெல்லாம் அதில் மாடுதான் படுக்கும். பொறியியலாளர்கூட வருடத்தில் மிக நெரிசலான மணியை எடுப்பதில்லை. வரிசையில் முப்பதாவதாக வருகிற மணியைத்தான் எடுப்பார்கள். பொங்கல் நாளுக்குப் பொலிசும் கயிறும் போதும்.

எண்ணியதை அப்படியே கூட்டக்கூடாது. பஸ்ஸும் சைக்கிளும் ஒரே இடத்தை அடைப்பதில்லை. எல்லாவற்றையும் கார் அளவாக மாற்ற நான் பாவிக்கும் கைக்கணக்கு இது: சைக்கிள் 0.2, மோட்டார் சைக்கிள் 0.4, ஓட்டோ 0.8, கார், வான், பட்டா என்கிற சின்ன லொறி 1, பஸ் 2.5, பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் 3. அந்த 120 வீட்டு ஒழுங்கையில் உச்ச மணியில் 60 சைக்கிள், 90 மோட்டார் சைக்கிள், 20 ஓட்டோ, 15 கார் வான், 3 பஸ், 2 உழவு இயந்திரம் வெளியே வந்தன என்று வையுங்கள். 12, 36, 16, 15, 7.5, 6. கூட்டினால் 92.5. ஒரு வீட்டுக்குச் சுமார் 0.77. ஊர் நிரம்பி 400 வீடானால் 308.

இனி இந்த 308ஐ வைத்து யோசிப்போம். ஒரு நல்ல இருவழி வீதியில், தடை ஒன்றும் இல்லாவிட்டால், இரண்டு பக்கமும் சேர்த்து மணிக்கு 3,200 கார் ஓடலாம் என்று அமெரிக்கக் கைநூல் சொல்கிறது. நம் வீதியில் மாடு, ஆடு, படலையால் திடீரென்று வரும் சைக்கிள் எல்லாவற்றுக்கும் கழித்துப் பாதி என்று வைத்தாலும் 308 ஒரு பாரமே இல்லை. அப்படியென்றால் 400 வீடு வந்தாலும் இந்த ஒழுங்கை தாங்கும்தானே?

ஒழுங்கை தாங்கும். வாய் தாங்காது.

பிரதான வீதியில் ஏற வருகிறவர் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால், இரு பக்கமும் வாகனம் இல்லாத ஒரு ஏழு வினாடி இடைவெளி வேண்டும். பிரதான வீதியில் மணிக்கு 800 வாகனம் ஓடினால் சராசரியாக நாலரை வினாடிக்கு ஒன்று வந்துகொண்டிருக்கும். ஏழு வினாடி இடைவெளி கிடைக்கும், ஆனால் காத்திருந்துதான். கணக்குப் போட்டால் அந்த வாயால் மணிக்கு ஏறத்தாழ 300 வாகனம் வலப்பக்கம் திரும்பலாம். பிரதான வீதியில் 1,200 ஆகிவிட்டால் அது 170க்கு வந்துவிடும். அங்கே ஓட்டம் வருடத்துக்கு 7 வீதம் கூடினால் பத்து வருடத்தில் இரட்டிப்பாகும். ஒரு பக்கம் ஒழுங்கையில் வீடு கூடுகிறது, மறுபக்கம் அது ஏற வேண்டிய வீதியில் வாகனம் கூடுகிறது. இடையில் இருக்கும் வாய் வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது. நகரம் வலப்பக்கம் இருக்கிற ஒழுங்கைக்கு 308 வெளியே வர வேண்டும், 170தான் வர முடியும். மீதி 138 எங்கே நிற்கும்? நம் ஆட்கள் நிற்க மாட்டார்கள். மூன்று வினாடி இடைவெளிக்குள் முன்சில்லை நுழைப்பார்கள். அதனால் நெரிசல் கண்ணுக்குத் தெரியாது, விபத்துத்தான் தெரியும். 'இந்தச் சந்தியில் ஏதோ குறை இருக்கு' என்று வைரவருக்கு விளக்கு வைப்பார்கள். வைரவர் குறை ஒன்றும் இல்லை.

அதனால் காசு கிடைத்ததும் ஒழுங்கையின் நீளத்துக்குக் காப்பெற் (தார்க் கலவை) போட அவசரப்பட வேண்டாம். முதலில் செய்ய வேண்டியவை இரண்டு.

ஒன்று, சந்தி மூலைக் காணி. கடை வருவது முதலில் அங்கேதான். அது வர முன் இரண்டு மூலையையும் சரிவாக வெட்டி எடுங்கள். மூலையிலிருந்து இரு பக்கமும் பத்துப் பத்து அடி என்றாலும் பஸ் திரும்பும், திரும்புகிறவருக்கு வருகிறவர் தெரிவார். பிரதான வீதியில் வலப்பக்கம் திரும்பக் காத்திருப்பவருக்கென்று நடுவில் பத்தடி அகலத்தில் ஒரு தனி வரிசையை, நூறு அடி நீளத்துக்குப் போட எதிர்காலத்தில் இடம் வேண்டும். அதையும் அதிகார சபையின் பிரதேசப் பொறியியலாளரிடம் இப்போதே சொல்லிக் கட்டட எல்லையைப் பின்னால் போடச் செய்யுங்கள்.

இரண்டு, இன்னொரு வாய். 400 வீடும் ஒரே வாயால் வராமல் இரண்டு வாயால் வந்தால் ஒவ்வொன்றிலும் 154. அது 1,200 வாகனம் ஓடும் வீதியிலும் ஏறலாம். இரண்டாவது வாய் அதே ஏ9இல் திறக்காமல், உள்ளால் அடுத்த ஒழுங்கைக்கு, அடுத்த குறிச்சிக்குப் போனால் இன்னும் நல்லது. கடைக்கும் கோயிலுக்கும் போகிறவர் பிரதான வீதிக்கே வரத் தேவையில்லை. நம் ஊர்களின் பெரிய குறை இதுதான்: ஏ9இலிருந்து மீன் முள்ளு மாதிரி ஒழுங்கைகள் பிரிந்து போகும், ஒன்றோடொன்று தொடாது. பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற சிநேகிதியின் வீட்டுக்குப் போக, பத்து வயதுப் பிள்ளை யாழ்ப்பாண பஸ் ஓடுகிற வீதிக்கு வந்து திரும்ப வேண்டியிருக்கிறது.

இணைப்புப் பாதைக்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். வாய்க்காலைப் பாருங்கள். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் குடியேற்றத் திட்டங்கள் வந்தபோது அந்தக் காலத்து ஆட்கள் வாய்க்காலோடு சேர்த்து ஒதுக்குக் காணியும் விட்டு, கரையால் வண்டில் போக வழியும் வைத்தார்கள். இன்றும் பல இடங்களில் வாய்க்கால் எண்ணைச் சொல்லித்தான் வீட்டுக்கு வழி சொல்வார்கள். அந்தக் கரைகள் பிரதான வீதிக்குச் சமாந்தரமாகவும் குறுக்காகவும் ஓடுகின்றன. காணி எடுக்கத் தேவையில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் சம்மதமும் கமக்காரர் அமைப்பின் சம்மதமும் வேண்டும். கமக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வாய்க்கால் துப்புரவாக்க இயந்திரம் இறங்க இடம் இருக்குமா? ஒரு பக்கக் கரையை மட்டும் வீதியாக்கி மறு கரையை விட்டால் இருக்கும். கால் மைலுக்கு ஒரு வாகனப் பாதை, அதற்கு இடையில் சைக்கிள் போகிற ஒரு நடைபாதை என்று கிடைத்தால் போதும்.

புகையிரதப் பாதை இருக்கிற பக்கம் என்றால் இன்னொரு அளவும் எடுங்கள். 2013 இல் ரயில் திரும்பவும் கிளிநொச்சி வரை ஓடத் தொடங்கிய பிறகு, நாங்கள் மறந்துபோயிருந்த ஒரு தொல்லை வந்தது. தண்டவாளம் பல இடங்களில் ஏ9க்கு மிக அருகில் ஓடுகிறது. கடவை பூட்டியிருக்கும்போது ஏ9க்கும் தண்டவாளத்துக்கும் இடையில் எத்தனை வாகனம் நிற்கலாம்? ஒரு காருக்கு இருபது அடி, பஸ்ஸுக்கு நாற்பது அடி என்று பிடியுங்கள். அறுபது அடிதான் இருக்கிறது என்றால் ஒரு பஸ்ஸும் ஒரு காரும். மூன்றாவது வாகனத்தின் பின்பக்கம் ஏ9இல் நிற்கும். அப்படிப்பட்ட கடவைக்குப் பின்னால் 400 வீட்டுக்கு அனுமதி கொடுக்க முன் சபை இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

எவ்வளவு அகலம், யார் விடுவது

ஊருக்குள் பல ஒழுங்கைகள் வந்து சேர்கிற வீதிக்கு 40 அடி கேட்பேன். பெரிய எண்ணாகத் தெரியும். பிரித்துப் பாருங்கள்: வாகனம் ஓட 22, சைக்கிளும் நடையும் போக இரு பக்கமும் நாலு நாலு, வடிகால் மூன்று மூன்று, கம்பத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இரண்டு இரண்டு. கூட்டினால் 40. உள் ஒழுங்கைக்கு 20. இப்போதே 40க்கும் தார் போடத் தேவையில்லை. நடுவில் பன்னிரண்டு அடிக்குக் கிரவலோ தாரோ போட்டுவிட்டு மீதியைப் புல் முளைக்க விடுங்கள். எல்லை மட்டும் பத்திரமாக இருந்தால் போதும்.

காணி விற்கிறவருக்கு ஒரு வார்த்தை. ஒரு ஏக்கருக்குள் 20 அடிப் பாதையை 200 அடி நீளத்துக்கு விட்டால் போவது 4,000 சதுர அடி, அதாவது ஒன்றரைப் பரப்பு. பத்தடிப் பாதை விட்டால் முக்கால் பரப்பு மிச்சம் என்று கணக்குப் பார்ப்பீர்கள். வாங்க வருகிறவர் தன் கல் லொறி உள்ளே வராது என்று கண்டதும் மீதிப் பதினைந்து பரப்புக்கும் விலையைக் குறைத்துக் கேட்பார். பெரிய காணியைப் பிரித்தால், ஒரு ஹெக்டேயருக்கு மேல் என்றால் பத்து வீதம் பொதுத் தேவைக்கு விட வேண்டும் என்று நகர அபிவிருத்தி விதிகள் சொல்கின்றன. அதைத் தவிர்க்க ஒரு ஹெக்டேயருக்குச் சற்றுக் குறைவான துண்டுகளாகப் பிரித்துப் பிரித்து விண்ணப்பம் போடுகிற தந்திரமும் எனக்குத் தெரியும். பாதைகள் ஒன்றோடொன்று முட்டாமல் போவது அப்படித்தான். ஒரே ஆளின் பெயரில் பக்கத்துப் பக்கத்துப் படங்கள் வந்தால், ரீ.ஓ. அவற்றை மேசையில் ஒன்றாக விரித்துப் பார்க்க வேண்டும்.

இனி வேலியைப் பின்னால் தள்ளும் கதை. இதைக் கடிதத்தால் செய்ய முடியாது, போய்க் கதைக்க வேண்டும். ஒரு முறை பனையோலை வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா சொன்னார்: "தம்பி, எத்தனை இடம் ஓடி, முகாமில இருந்து, திரும்பி வந்து அடைச்ச வேலி இது. ஒரு முழமும் விடமாட்டன்." அதற்கு என்ன பதில் சொல்வது? இங்கே வேலி என்பது எல்லை மட்டும் இல்லை என்பது எனக்கும் தெரியும். சட்டம் கதைக்காமல் நாடாவின் நுனியை அவர் கையிலேயே கொடுத்தேன். ஒழுங்கையின் நடுவில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அங்கிருந்து அவர் வேலிக்கு எவ்வளவு, எதிர் வேலிக்கு எவ்வளவு என்று அவரே அளந்தார். எதிர் வேலி இரண்டு அடி கூட உள்ளே வந்திருந்தது. "அப்ப அவன் இரண்டு அடி கூட விடுவானோ?" என்று கேட்டார். விடுவார் என்றேன். "அவன் விட்டா நானும் விடுறன்."

யாருக்கும் நிலம் பெரிதில்லை என்று சொல்ல வரவில்லை. எதிர்க் காணிக்காரனும் அதே அளவு விடுகிறானா என்பதுதான் அவர்கள் மனதில் இருக்கும் கேள்வி. அதனால் முறை இதுதான்: அளவு எப்போதும் நடுக்கோட்டிலிருந்து, இரு பக்கமும் சமம், முழு ஒழுங்கையும் ஒரே நாளில். பாதியை இன்றைக்கும் பாதியை அடுத்த மாதமும் என்று விட்டால் அந்த இடைவெளியில் யாராவது ஒரு லோட் கல் பறித்துவிடுவார். கிராம அலுவலரையும், மாதர் சங்கத்தில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எல்லாரும் கையெழுத்து வைத்த பிறகு புதிய எல்லையில் அன்றைக்கே கொங்கிறீற் கல் நடுங்கள். மரக்கட்டை நட்டால் கறையான் தின்னும், அல்லது நடக்கத் தொடங்கும்.

அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி என்றால் பாதைக்கான ஒதுக்கு ஏற்கனவே படத்தில் இருக்கும். பிரதேச செயலகக் காணிப் பகுதியில் பார்த்து அதை மீட்டால் போதும். உறுதி உள்ள தனியார் காணி என்றால் சொந்தக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு சபை தன் வீதிக்கோட்டைத் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டால், புதிதாக மதில் கட்ட அனுமதி கேட்டு வருகிற எவருக்கும் அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் அனுமதி.

மதகு, கம்பம், குழாய்

வீதி அகலத்தை இரண்டு கட்டமாகச் செய்யலாம், மதகை முடியாது. தார் பன்னிரண்டு அடி என்றாலும் மதகை 40 அடிக்கும் இன்றே கட்டுங்கள். பதினைந்து அடிக்கு ஹியூம் பைப் (கொங்கிறீற் குழாய்) போட்டு இரு பக்கமும் சுவர் எழுப்பிவிட்டால், பத்து வருடத்தில் அந்த இரண்டு சுவருக்கும் இடையில்தான் முழு ஊரும் ஒருவர் நிற்க ஒருவர் போக வேண்டும். நான் பார்த்த அளவில் வன்னி ஒழுங்கைகளின் கொள்ளளவைத் தீர்மானித்தது அந்தச் சுவர்கள்தான்.

தண்ணீர் கணக்கும் சேர்த்தே. இது குளங்களின் நாடு. ஒரு குளம் நிரம்பி வான் பாய்கிற தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். கிரவல் கொட்டி வீதியை உயர்த்தினால் நீங்கள் தெரியாமல் ஒரு அணையைக் கட்டுகிறீர்கள். 2018 டிசம்பரில் இரணைமடு வான் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, எந்த வீதி எந்தப் பக்கத்து வீட்டுக்குள் தண்ணீரைத் தள்ளியது என்று அங்கே இருந்தவருக்குத் தெரியும். மதகு வைக்கிற இடத்தைக் கோடையில் தீர்மானிக்காதீர்கள். கார்த்திகை மழையில் போய் நில்லுங்கள். வயதான கமக்காரர் ஒருவரைக் கேட்டால் தடியால் காட்டுவார்.

கம்பமும் குழாயும் பற்றிச் சுருக்கமாக: புதிய கம்பம் புதிய எல்லையில் நிற்க வேண்டும், இன்றைய தாரின் விளிம்பில் இல்லை. தண்ணீர்க் குழாய் தாருக்கு வெளியே போக வேண்டும். புத்தம் புதிய காப்பெற்றை அடுத்த மழைக்கு முன்பே குறுக்கால் வெட்டிக் குழாய் தாழ்த்த வந்த அலுவலகம் ஒன்றோடு நான் பட்ட பாட்டைச் சொன்னால் இன்னொரு கட்டுரை எழுத வேண்டும். காப்பெற் போட மூன்று மாதத்துக்கு முன் எல்லா அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அறிவியுங்கள். பதில் வராவிட்டாலும் தபால் பற்றுச்சீட்டு உங்களிடம் இருக்கும்.

தார் போடாமல் கிடைக்கும் கொள்ளளவு

மாசி மாதம் வந்தால் இருவழி வீதியில் ஒரு வழிக்கு நெல் காயும். விளிம்பில் கல்லும் மரக்குற்றியும் வேறு. இரவில் வருகிற மோட்டார் சைக்கிள்காரருக்கு அது தெரியாது. கமக்காரரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை, ஈர நெல்லுக்கு விலை இல்லை. ஊருக்கு ஒரு நெல் உலர்த்தும் தளம் போட்டால், பாதி வீதி திரும்பக் கிடைக்கும். அகலிப்புக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அது சில்லறை.

அடுத்தது சைக்கிள். வளர்ந்த பிள்ளை சைக்கிளில் போனால் வீதிக்கு 0.2. ரிப்பர் லொறிக்குப் பயந்து தாய் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டால் 0.4, அவர் திரும்பி வருவதும் சேர்ந்தால் 0.8. பயம்தான் நம் காலை நெரிசலில் பாதியை உண்டாக்குகிறது என்பது என் எண்ணம். அந்த நாலடி விளிம்பை மட்டப்படுத்திக் கொடுத்தால் சைக்கிள் திரும்பி வரும். தார் விளிம்புக்கும் கிரவலுக்கும் இடையில் ஒரு சாண் பள்ளம் இருந்தால் எந்தத் தாயும் பிள்ளையை விடமாட்டார்.

மணலும் கிரவலும் ஏற்றுகிற ரிப்பர்களுக்குத் தனி வழி குறியுங்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் நடந்த வீதிச் சோதனையில் தெரிந்த விசயம் இது: அச்சுப் பாரம் இரட்டிப்பானால் வீதிக்கு வரும் சேதம் சுமார் பதினாறு மடங்கு. அதிக பாரம் ஏற்றிய ஒரு ரிப்பர் ஊர் ஒழுங்கையால் போனால், ஆயிரக்கணக்கான ஓட்டோ செய்கிற சேதத்தை ஒரே ஓட்டத்தில் செய்துவிடும். அகழ்வு அனுமதி கொடுக்கும்போதே எந்த வழியால் போக வேண்டும் என்று நிபந்தனை போடச் சொல்லிப் பிரதேச செயலகக் கூட்டத்தில் கேளுங்கள்.

பஸ் தரிப்பிடத்தைச் சந்திக்கு முன்னால் வைக்காமல், சந்தி தாண்டி நூறு நூற்றைம்பது அடியில், வீதியை விட்டு உள்ளே ஒதுக்கி வையுங்கள். நிழல் மரம் இருக்கிற இடத்தில் வைத்தால் சனம் அங்கே நிற்கும். தகரக் கூரையை எங்கே போட்டாலும் சனம் மரத்தடியில்தான் நிற்கும், பஸ்ஸும் அங்கேதான் நிற்கும்.

எப்போது, எதோடு போவது

சபையின் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் வருட இறுதியில் நிறைவேறும். செப்டெம்பருக்கு முன் கடிதம் கையில் கொடுக்காவிட்டால் அடுத்த வருடமும் கிரவல்தான். கடிதம் ஒரு பக்கம் போதும். அதோடு நான்கு தாள்கள்: மூன்று நிறப் படம், வாயில் எண்ணிய கணக்கு, கையெழுத்து வைத்த எல்லை அளவுகள், மழையில் எடுத்த தண்ணீர் நிற்கும் படங்கள். வீதி சபையுடையது இல்லை என்றால் பிரதியை உரிய திணைக்களத்துக்கும், இரண்டு திணைக்களம் சம்பந்தப்பட்டிருந்தால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கும் அனுப்புங்கள். எல்லா அலுவலகமும் ஒரே மேசையில் இருக்கிற இடம் அது.

கேட்பதை ஒழுங்காகக் கேளுங்கள். 'எமது வீதியைப் புனரமைத்துத் தரவும்' என்ற கடிதம் சபையில் கட்டுக் கட்டாக இருக்கிறது. முதல் வருடம் வீதிக்கோடும் எல்லைக்கல்லும், இரண்டாம் வருடம் மதகுகளும் சந்தி மூலையும், மூன்றாம் வருடம் வாய்க்கால் கரை இணைப்பு, தார் அதற்குப் பிறகு என்று எழுதுங்கள். முதல் வருட வேலைக்குச் சபைக்குச் செலவு மிகக் குறைவு, அதனால் மறுக்க மாட்டார்கள். எல்லைக்கல் நட்ட பிறகு அந்தக் கற்களின் எண்ணையும் இடத்தையும் எழுதிய தாளில் ஒரு பிரதி சங்கத்தில், ஒன்று கிராம அலுவலரிடம், ஒன்று கோயில் நிர்வாகத்திடம் இருக்கட்டும். சபையில் கோப்பு தொலையும்.